ஒரு பஸ் பயணத்துக்கு எத்தனை சொல்? இணையத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு

நீளமான கதையை இப்போது யார் படிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களின் பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. எங்கள் வடாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். மறுநாள் வயல் வேலையும் தறி வேலையும் காத்திருக்க, பாயும் போர்வையுமாக வந்து உட்காரும் கூட்டம் அது. கதையின் நீளம் அவர்களை விரட்டவில்லை. ஆனால் அத்தனை பெரிய பாரதத்தை ஒரே மூச்சில் யாரும் சொல்வதில்லை. ஓர் இரவுக்கு ஒரு கதை. வில் வளைப்பு ஓர் இரவு, அர்ச்சுனன் தபசு ஓர் இரவு, கர்ண மோட்சம் ஓர் இரவு. நடுவில் ஒரு நாள் மட்டும் வந்து உட்கார்ந்தவருக்கும் அன்றைய கதை முழுதாகக் கிடைக்கும். எல்லா இரவும் வந்தவருக்குப் படுகளத்தில் துரியோதனன் விழும்போது முந்தைய இரவுகள் எல்லாம் சேர்ந்து கனக்கும்.

நீளத்தைப் பற்றி நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தொடராக எழுதும் கதைக்கு இரண்டு நீளங்கள் உண்டு. கதை முழுவதன் நீளம் ஒன்று. வாசகர் ஒரு தடவை உட்கார்ந்து படிக்கிற பகுதியின் நீளம் இன்னொன்று. முதலாவதைக் கதை தீர்மானிக்கட்டும். இரண்டாவதைத் தீர்மானிப்பது வாசகருடைய அன்றாடம். படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுப் போனால் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் நாம் கோட்டை விட்டிருப்போம்.

நான் குடியாத்தத்துக்காரி. வேலூரில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை. இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன்; மற்றவர்கள் எழுதியதைப் பிழை திருத்தி, மின்னூலாகவும் அச்சு நூலாகவும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். சொற்களை எண்ணுவது எனக்குச் சோறு போடும் வேலை. “அக்கா, ஓர் எபிக்கு எத்தனை சொல்?” என்று (எபி என்றால் எபிசோட், தொடரின் ஒரு பகுதி) கேட்டு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாசகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

எழுத உட்காருவதற்கு முன் உங்கள் வாசகர் எங்கே, எந்த நேரத்தில் படிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “எல்லாரும் படிப்பார்கள்” என்று எழுதாதீர்கள். ஒரு முகம் வேண்டும்.

என் கதைகளைப் படிப்பவர்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் அதிகம். காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பல இடங்களில் உள்ளே போனதும் கைபேசியை எடுத்து வைத்துவிட வேண்டும். ஆம்பூரில் வேலை செய்யும் என் சித்தி மகள் சொல்வாள்: “கம்பெனி கேட் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும் அக்கா. பாதியில் நின்றால் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை மனசு அங்கேயே கிடக்கும்.” அரை மணி நேரப் பயணம் என்பதால் அரை மணி நேரத்துக்கு எழுதலாம் என்று கணக்குப் போடக் கூடாது. இடம் பிடிக்க வேண்டும், பக்கத்துச் சீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேச வேண்டும், வீட்டிலிருந்து வரும் போனை எடுக்க வேண்டும். கதைக்கென்று மிஞ்சுவது எட்டு நிமிடம், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு மட்டுமே உரிய நேரம். அதை வீணாக்காமல் எழுத வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

வேலூரில் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு என்று ஒன்று இருக்கிறது. எந்த ஊரிலிருந்தோ வந்து, உள்ளே இருக்கும் நோயாளிக்காக நாள் முழுக்க வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் ஏராளம், ஆனால் எந்த நிமிடமும் பெயரைக் கூப்பிடலாம். இவர்களுக்கு நீளமான கதை பிடிக்கிறது. காத்திருக்கிறவரை மறுபடியும் காக்க வைக்காத, முடிந்துபோன தொடரைத்தான் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். அவர்களுக்காக நான் செய்வது, பகுதிக்குள் இரண்டு மூன்று இடங்களில் காட்சி மாறுவதைத் தெளிவாக ஒரு வரி இடைவெளி விட்டுக் காட்டுவது. எழுந்து ஓடிப் போய்த் திரும்பி வந்தவருக்கு விட்ட இடம் கண்ணில் பட வேண்டும்.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதில் ஏறுகிறவர் ஒரு குறுநாவலையே முடித்துவிடலாம். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கையில் படிப்பவரோ தூக்கம் வரும் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிகளைத் திறந்துகொண்டே போவார். இந்த இருவருக்கும் பகுதி சின்னதா பெரியதா என்பது பெரிய விஷயமில்லை.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு விமர்சனத்தில், அரை மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய கதையை உயர்த்திப் பேசினார். நடுவில் நிறுத்தினால் வெளியுலகம் உள்ளே புகுந்து கதையின் ஒருமையைக் குலைத்துவிடும் என்பது அவர் கவலை. கைபேசியில் அந்த வெளியுலகம் நிமிடத்துக்கு ஒரு தரம் திரையின் மேல்விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அரை மணி நேரம் என்று போ சொன்னதை நான் பஸ் வாசகிக்குப் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரே அமர்வு என்ற கருத்து மட்டும் இன்றும் அப்படியே செல்லும்.

நிமிடத்தைச் சொல்லாக்குவது

ஆங்கிலத்தில் கதையை வாய்விடாமல் படிப்பவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 260 சொற்கள் படிக்கிறார்கள் என்று 2019இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கைத் தமிழ்க் கதைக்குப் போடாதீர்கள். வேற்றுமை, காலம், பால், எண் எல்லாம் ஒரே சொல்லோடு ஒட்டி வரும் மொழி நம்முடையது. ஒரு தமிழ்ச் சொல் சுமக்கிற பாரம் அதிகம். அதனால் நிமிடத்துக்குக் குறைவான சொற்களே ஓடும். அமெரிக்காவில் அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரும் நெபுலா விருதுக்காக வகுத்திருக்கும் எல்லைகளையும் அப்படியே தமிழுக்குப் போடக் கூடாது. 7,500 சொற்களுக்குக் கீழே இருந்தால் சிறுகதை, 17,500 முதல் 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல் என்பதெல்லாம் விருதுக்காக வைத்த பிரிவுகள். 7,000 சொல்லில் ஒரு தமிழ்க் கதையை எழுதி அதைச் சிறுகதை என்று இணையத்தில் போட்டால் படிப்பவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

நீங்களே அளந்து பாருங்கள். உங்கள் கதையிலிருந்து சரியாக 1,000 சொற்களை வெட்டி எடுத்து மூன்று பேரிடம் கைபேசியில் கொடுங்கள். ஒருவர் தினமும் புத்தகம் படிப்பவராக இருக்கட்டும், ஒருவர் கைபேசியில் மட்டும் படிப்பவராக, மற்றொருவர் பள்ளியோடு படிப்பை விட்டவராக. வேகமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். நேரம் பார்ப்பதையே சொல்லாதீர்கள். முடித்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாதியைத் தாண்டிக் குதித்திருந்தால் அந்த நேரம் கணக்கில் சேராது. மூவரில் நடுவில் இருப்பவருடைய வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் சுற்றத்தில் நிமிடத்துக்கு 150 சொற்களை ஒட்டியே வருகிறது. அப்படியானால் பஸ் வாசகியின் எட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சொற்கள். என் தொடர்களின் ஒரு பகுதி இந்த அளவுதான். ரயில் வாசகரின் இரண்டு மணி நேரத்தில் 15,000 சொல் குறுநாவல் தாராளமாக அடங்கும்.

பார்வைக்குத் தெரியும் நீளம் என்று ஒன்றும் இருக்கிறது. அச்சில் பத்து வரி வரும் பத்தி கைபேசியில் திரை முழுக்க ஒரே கரும்பாறையாக நிற்கும். 1,200 சொற்களே ஆனாலும் வாசகருக்கு மலைப்பு வந்துவிடும். கைபேசியில் ஒரு திரைக்கு ஏறத்தாழ எழுபது சொல் என்று வைத்துக்கொண்டு, ஒரு திரைக்குள் குறைந்தது ஒரு பத்தியாவது முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக உடைத்துப் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது நீளத்தைக் குறைப்பதில்லை. விரலுக்கு வேலையைத்தான் கூட்டுகிறது.

முதல் திரை

வார இதழ்கள் வளர்த்த ஒரு பக்கக் கதை 200, 300 சொல்லில் ஒரே ஒரு திருப்பத்தோடு முடிந்துவிடும். இணையத்திலும் அது நன்றாக ஓடுகிறது. ஆனால் படித்தவர் கதையை நினைவில் வைத்திருப்பாரே தவிர எழுதியவரைத் தேடி வருவது குறைவு. உங்களோடு நெடுநாள் கூடவே வரும் வாசகர் வேண்டுமென்றால் ஒரு பக்கக் கதை மட்டும் போதாது.

1,500 முதல் 2,500 சொல் வரும் சிறுகதைக்குத்தான் இணையத்தில் சோதனை அதிகம். தொடருக்கு நேற்றைய ஆவல் துணை நிற்கும். ஒரு பக்கக் கதையில் முடிவு கண்ணெதிரே தெரியும். சிறுகதைக்கு இரண்டும் இல்லை. முதல் திரையிலேயே வாசகரிடம் காரணம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் ஊரை வைத்தே ஒன்று காட்டுகிறேன். இப்படித் தொடங்கும் கதைகள் என்னிடம் நிறைய வருகின்றன:

“கௌண்டன்ய மகாநதியின் கரையில் அமைந்த அழகிய ஊர் குடியாத்தம். கைத்தறிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது. வைகாசி மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது ஊரே விழாக்கோலம் பூணும். அந்த ஊரில் நெசவாளர் தெரு ஒன்றில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டில்...”

இது இருநூறு சொல்லுக்கு ஓடும். அதாவது மூன்று திரை. வாசகி இன்னும் ஒரு மனிதரையும் சந்திக்கவில்லை. ஊரைப் பற்றி எழுதியது வீண் என்று நான் சொல்லவில்லை. குடியாத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்களை நான் தேடிப் படிக்கிறேன். ஆனால் அதற்கான இடம் அது இல்லை. அதே கதையை இப்படி மாற்றச் சொன்னேன்:

“அடகுச் சீட்டு வைத்த டப்பாவில் சீட்டு இல்லை. அரிசிப் பானைக்குள், சாமி படத்துக்குப் பின்னால், மாமனாரின் பழைய சட்டைப் பையில் எல்லாம் பார்த்துவிட்டாள். வைகாசி பிறக்க இன்னும் நான்கு நாள். சிரசுத் திருவிழாவுக்கு நாத்தனார் வந்துவிடுவாள். வந்ததும் முதலில் பார்ப்பது அண்ணியின் கழுத்தைத்தான். சீட்டு இல்லாமலே கடைக்குப் போவது என்று கிளம்பினாள். ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போது கீழே தண்ணீர் இல்லாத மணலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.”

திருவிழா இருக்கிறது, ஆறு இருக்கிறது, நெசவாளர் வீட்டு வறுமையும் இருக்கிறது. எல்லாம் அவளோடு நடந்து வருகின்றன. ஏறத்தாழ ஐம்பது சொல், ஒரு திரைக்குள் அடக்கம். கதையின் மொத்த நீளம் இதனால் 150 சொல் குறைந்தது என்பது இரண்டாம்பட்சம். படிக்கிறவருக்கு நேரம் போனது தெரியாது என்பதுதான் இதில் லாபம்.

பகுதியை எங்கே நிறுத்துவது

தொடர் எழுதுகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான், ஏனென்றால் வாசகரைப் பிடித்து வைப்பதும் இழப்பதும் இந்த இடத்தில்தான். 1,200 சொல் ஆனதும் கத்தரியை எடுத்து வெட்டிவிடக் கூடாது. சொல் எண்ணிக்கை ஒரு வேலி மட்டுமே. வேலிக்குள் எங்கே நிறுத்துவது என்பதைக் காட்சிதான் சொல்லும்.

அதே அடகுக் கதையை எடுத்துக்கொள்வோம். அவள் கடைக்குப் போகிறாள். கடைக்காரர் பேரேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டுகிறார். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். இது 700ஆவது சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நிறுத்தி, கீழே ‘தொடரும்’ போடுகிறவர்கள் பலர். வாசகர் அடுத்த பகுதியைத் திறப்பார்தான். ஆனால் அதன் முதல் வரியிலேயே பதில் கிடைத்துவிடும். ஒரு வாரம் காக்க வைத்தது ஒரு வாக்கியத்துக்காகவா என்ற எரிச்சல் மனத்தில் தங்கும். மூன்று முறை இப்படிச் செய்தால் நான்காம் முறை வர மாட்டார்.

இரண்டாவது இடம்: “உங்கள் சங்கிலியைப் போன மாதமே சீட்டைக் கொடுத்து மீட்டுக்கொண்டு போய்விட்டார்களே அம்மா” என்கிறார் கடைக்காரர். 850ஆவது சொல். முந்தையதைவிட மேல். வாசகருக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. யார் மீட்டது என்ற கேள்வி எழுந்திருக்கிறது. ஆனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியவில்லை. செய்தி கடைக்காரர் வாயில் நிற்கிறது, அவள் மனத்தில் இன்னும் இறங்கவில்லை.

மூன்றாவது இடம்: அவள் வீடு திரும்புகிறாள். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைக்கும்போது அடியில் மடித்த சீட்டின் கிழிந்த பாதி தெரிகிறது. கடைக்காரர் கிழித்துக் கொடுத்தது. அவள் பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைக்கிறாள். தறியிலிருந்து எழுந்து வந்த புருஷனுக்குச் சோறு போடுகிறாள். மாமியாருக்கும் போடுகிறாள். இன்னொரு கரண்டிக் குழம்பு வேண்டுமா என்று கேட்கிறாள். 1,300ஆவது சொல்லில் நிறுத்துகிறோம்.

இங்கே வாசகரிடமிருந்து எதையும் நாம் ஒளித்து வைக்கவில்லை. யார் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும். இனி இவள் என்ன செய்யப் போகிறாள் என்பதுதான் கேள்வி, அதற்கு முதல் வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதோடு, இன்று மட்டும் தற்செயலாக வந்து படித்தவருக்கும் ஒரு முழுக் காட்சி கிடைத்துவிட்டது. சீட்டைத் தேடியதில் தொடங்கியது, சீட்டைக் கண்டதில் முடிந்தது. கூத்தில் ஓர் இரவுக்கு ஒரு கதை என்று சொன்னேனே, அது இதுதான். ‘அடுத்து யார் வருவது?’ என்று காக்க வைக்காதீர்கள். ‘இவள் என்ன செய்வாள்?’ என்று காக்க வையுங்கள்.

இந்தக் காட்சி 1,300க்குள் அடங்காமல் 1,900 ஆனால் விட்டுவிடுங்கள், ஒருநாள் நீண்டால் குற்றமில்லை. ஆனால் எப்போதுமே 1,200 எழுதுகிறவர் திடீரென்று 3,500 போட்டால் பஸ் வாசகி பாதியில் மூடி வைப்பார். மாலையில் களைத்து வரும்போது அதைத் திறக்கத் தோன்றாது. 400 போட்டாலும் கோபம்தான். வாரம் தவறாமல் ஒரே கிழமையில் வருவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதும் வாசகரிடம் நாம் கொடுத்த வாக்கு.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறவருக்குக் கதை மறந்திருக்கும். கூத்தில் இதற்குக் கட்டியங்காரன் இருக்கிறான். வேடிக்கை பேசிக்கொண்டே கதை எதுவரை வந்திருக்கிறது, இப்போது யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று தாமதமாக வந்தவருக்கும் சொல்லி வைத்துவிடுவான். நாம் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று தலைப்பிட்டு நூறு சொல் எழுத வேண்டியதில்லை; அதை எல்லாரும் தாண்டித்தான் போகிறார்கள். முதல் நான்கைந்து வாக்கியங்களுக்குள் ஒரு பாத்திரத்தின் செய்கையில் பழையதை ஏற்றிவிடுங்கள். “மாமியார் வெற்றிலைப் பெட்டியைக் கேட்டபோது அவள் கை ஒரு கணம் தயங்கியது” என்றால் போதும், போன வாரம் முழுவதும் நினைவுக்கு வந்துவிடும்.

எங்கே விட்டுப் போகிறார்கள்?

பிரதிலிபி, வாட்பேட் போன்ற தளங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண் தெரியும். அந்த எண்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடும் வருத்தப்படுவதோடும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வகுத்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் பகுதி 1,000, இரண்டாவது 480, மூன்றாவது 430, நான்காவது 410, ஐந்தாவது 260, ஆறாவது 250. முதலிலிருந்து இரண்டாவதுக்குப் பாதிப் பேர் காணாமல் போனதைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம். எல்லாத் தொடருக்கும் நடப்பது. நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது.

இப்போது பலர் ஐந்தாம் பகுதியைத் திருத்த உட்காருகிறார்கள். நன்றாக யோசியுங்கள். ஐந்தைத் திறக்காதவர்கள் ஐந்தைப் படிக்கவே இல்லை. அவர்கள் கடைசியாகப் படித்தது நான்கு. குறை நான்கில் இருக்கிறது. அதன் நீளத்தில், அல்லது முடிவில், அல்லது நடுவில் எங்கோ. நான்காம் பகுதியைக் கைபேசியில், பஸ்ஸில் உட்கார்ந்து, நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் கை தானாகத் திரையைத் தள்ளிவிடும் இடம் ஒன்று வரும். அதுதான் இடம்.

ஒப்பிடும்போது எல்லாப் பகுதிக்கும் ஒரே கால அளவு கொடுங்கள். முதல் பகுதி வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், பத்தாவது நேற்றுத்தான் வந்திருக்கும். இரண்டையும் இன்றைய தேதியில் பக்கத்தில் வைத்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். ஒவ்வொன்றும் வெளிவந்து ஏழாம் நாள் இருந்த எண்ணைக் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

வாசகர் எழுதும் குறிப்புகளில் அடிக்கடி வருவது “எபி குட்டியாக இருக்கிறது, பெரியதாகப் போடுங்கள்” என்பது. இதற்கு இரண்டு பொருள் உண்டு. காட்சியில் மூழ்கியிருந்தவர் வெளியே வர மனமில்லாமல் சொல்வது ஒன்று, அது பாராட்டு. அளவைக் கூட்டாதீர்கள், கூட்டினால் அந்தத் தவிப்பு போய்விடும். மற்றொன்று, பத்து நிமிடம் படித்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்ற ஏமாற்றம். இதற்கும் அளவைக் கூட்டுவது மருந்து ஆகாது. அந்தப் பகுதியில் தொடக்கத்தில் இருந்த நிலைமை முடிவில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அதையும் அடுத்ததையும் சேர்த்து ஒன்றாக்கி, பாதியாக வெட்டுங்கள்.

காசும் நீளமும்

பணம் வரும் வழி மாறும்போது கதையின் நீளமும் மாறுகிறது என்பதை அறிந்துவைத்துக்கொள்வது நல்லது. சந்தா கட்டி மின்னூல்களைப் படிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் முன்பு ஒருவர் நூலை எடுத்துப் பத்து சதவீதம் தாண்டிப் படித்தால் எழுத்தாளருக்கு ஒரு பங்கு கிடைக்கும். குட்டிக் குட்டி நூல்களாக வெளியிடுவதில் ஆதாயம் இருந்தது. 2015 ஜூலை முதல் படித்த பக்கங்களுக்குத்தான் காசு என்றானது. உடனே நீண்ட நூல்களின் பக்கம் காற்று திரும்பியது. அதே நிறுவனம் அமெரிக்காவில் 2021இல் தொடங்கிய கிண்டில் வெல்லா என்ற தொடர்கதைத் தளத்தில் ஒரு பகுதி 600 முதல் 5,000 சொல்லுக்குள் இருக்க வேண்டும், முதல் மூன்று பகுதிகள் இலவசம் என்று வைத்தார்கள். 2025இல் அதை மூடிவிட்டார்கள். விதிகள் வரும், போகும். அவற்றுக்காகக் கதையை இழுத்தால் வாசகருக்கு அது மூன்றாம் பகுதியிலேயே தெரிந்துவிடும்.

இழுப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொடர் நன்றாக ஓடும்போது “முடிக்காதீர்கள் அக்கா” என்று அன்போடு கேட்பார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன், ஆனால் முடிக்கிறேன். கதை தொடங்கும்போதே கடைசிக் காட்சியை ஒரு பத்தியாக எழுதி வைத்துவிடுங்கள். அதற்குப் போகும் வழியில் இருக்கும் பெரிய நிகழ்வுகளை எண்ணுங்கள். ஒரு நிகழ்வுக்கு இரண்டு பகுதி என்று வைத்தால் தொடரின் மொத்த அளவு தோராயமாகக் கைக்கு வந்துவிடும். பன்னிரண்டு நிகழ்வு இருந்தால் இருபத்து நான்கு பகுதி, 30,000 சொல்லைச் சுற்றி நிற்கும். நாற்பதாவது பகுதியில் புதிதாக ஒரு அத்தை மகளைக் கொண்டுவந்து நிறுத்தும் தேவை வராது.

முடிந்த தொடரை மின்னூலாகவோ அச்சாகவோ கொண்டுவருகிறவர்கள் அப்படியே ஒட்டிக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பவருக்காக எழுதியது, ஒரே இரவில் படிப்பவருக்கு உறுத்தும். பழையதை நினைவூட்ட ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வைத்த வாக்கியங்களை முதலில் நீக்குங்கள். இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஓர் அத்தியாயமாக்குங்கள். சேரும் இடத்தில் ஒரே செய்தி இரண்டு முறை வந்திருக்கும், ஒன்றை எடுத்துவிடுங்கள். ‘தொடரும்’ என்ற சொல்லைத் தேடி அழிக்க மறக்காதீர்கள். பிறகு 12 புள்ளி எழுத்தில் வைத்து ஒரு படி எடுத்து, பேனாவோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை ஒரே நாளில் படியுங்கள். எங்கெல்லாம் சலித்துப்போய்க் கை பக்கத்தைப் புரட்ட அவசரப்படுகிறதோ அங்கெல்லாம் விளிம்பில் ஒரு கோடு போட்டு, மறுநாள் கோடு போட்ட அந்த இடங்களை மட்டும் வெட்டுங்கள்.